மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல்

சென்ற வருடம் தை மாதம், மாரி மழை ஓய்ந்து நிலம் காயத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலையில் இது நடந்தது. இடம், வன்னியில் ஒட்டுசுட்டானிலிருந்து உட்புறமாகக் காட்டோரம் போகும் வீதியில் இருக்கும் என் மகளின் பாடசாலை மைதானம். இதை எழுத இவ்வளவு காலம் எடுத்ததற்குச் சோம்பல் காரணமில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் வலது உள்ளங்கை வியர்த்துவிடும். இப்போதும் வியர்க்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

மகள் அப்போது ஆறாம் தரம். திருமணமாகி நீண்ட காலத்துக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த ஒரே பிள்ளை. வீட்டில் என்னோடும் மனைவியோடும் கதைப்பாள், அதுவும் மெல்லமாக. வெளியாட்கள் யாராவது வந்தால் அறைக்குள் போனவள், அவர்கள் போகும்வரை வெளியே வரமாட்டாள். கடைக்காரர் அன்பாக ஒரு ரொபி இனிப்பை நீட்டினால்கூட என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்ப்பாள். வளர வளரச் சரியாகிவிடும் என்று நானும் இருந்துவிட்டேன்.

புதுப் பாடசாலையில் அவளைச் சேர்த்துச் சில வாரங்கள் இருக்கும். நான் விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் வேலையில் இருந்தபோது வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார்.

"மகளுக்குச் சுகமில்லையோ? இந்தக் கிழமை முழுக்க வரேல்லையே."

அன்று காலையும் நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்டிருந்தேன். முந்தின நாளும் அப்படித்தான். அப்படியென்றால் வாசலுக்கும் வகுப்புக்கும் இடையில் என் பிள்ளை எங்கே போகிறாள்? யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கந்தோரை விட்டு ஓடினேன். வழி நெடுக என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. போய்ச் சேர்ந்து வகுப்பு யன்னலால் எட்டிப் பார்த்தால், மகள் தன் கதிரையில் உட்கார்ந்து தாமரைப்பூ வரைந்துகொண்டிருக்கிறாள்.

ஆசிரியைக்கு என்னைவிடப் பெரிய அதிர்ச்சி. அவர் மாற்றலாகி வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளைகளின் முகம் பழகவில்லை.

"ஐயோ கடவுளே! நான் இடாப்பில பேர் கூப்பிடேக்க இந்தப் பேருக்குச் சத்தமே வரேல்லையே. வரேல்லையெண்டு போட்டுட்டன்."

மகளைக் கேட்டேன். "நான் ஒவ்வொரு நாளும் சொன்னனான் அப்பா," என்றாள். பொய் சொல்லவில்லை. சொல்லித்தான் இருக்கிறாள். அது அவளுடைய உதட்டைத் தாண்டி வரவில்லை.

அன்று இரவு மனைவி என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை வாய் திறந்தாலே நீங்கள்தானே 'மெல்ல, மெல்ல' எண்டுறியள். பிறகு எங்கையிருந்து சத்தம் வரும்?"

உண்மை அது. எங்கள் வீட்டில் உரத்துக் கதைக்கும் வழக்கம் இல்லை. வானொலியைக்கூட நான் காதுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்பேன். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு அது விளங்கும். ஒரு பிள்ளை சிணுங்கினால் அத்தனை பெரியவர்களும் சேர்ந்து "உஷ்" என்போம். குழியை விட்டு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்த "உஷ்" மட்டும் என் வாயோடு வந்துவிட்டது.

இடாப்பு விஷயம் நடந்த பிறகு பெற்றோர் கூட்டம் ஒன்றில் அதிபர் ஒரு திட்டத்தைச் சொன்னார். உயர்தரம் படிக்கும் பெரிய மாணவர்களில் ஒருவர், ஆறாம் தரத்துப் பிள்ளை ஒருவரைப் பொறுப்பெடுக்க வேண்டும். பெண்பிள்ளை என்றால் துணை அக்கா, ஆண்பிள்ளை என்றால் துணை அண்ணா. வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளை அவர்களுக்கு. பாடம் சொல்லிக் கொடுக்கலாம், விளையாடலாம், சும்மா இருந்து கதைக்கலாம். "பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்து பயந்துபோய் நிக்கிற பிள்ளையளுக்குப் பிடிச்சுக்கொள்ள ஒரு கை வேணும்," என்றார் அதிபர். எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. கை என்றதும் நான் பக்கத்தில் நிற்கும் ஒருத்தியைத்தான் நினைத்தேன்.

மகளுக்குக் கிடைத்த துணை அக்கா, எங்களூருக்கு அப்பால் குளத்தடிக் குடியேற்றத்திலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளை. அவளுடைய குடும்பத்தார் ஒரு காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். உயரமாக, வெயிலில் கறுத்து, எப்போதும் சிரித்த முகமாக இருப்பாள். மகள் வெள்ளிக்கிழமைகளை எதிர்பார்க்கத் தொடங்கினாள். சீருடையை அவளே எடுத்து மடித்து வைப்பாள். ஆனால் அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "பழகிறம்" என்பாள். அவ்வளவுதான்.

அவர்கள் பழகுவதை நான் ஒருநாள் கண்ணால் கண்டேன். தைப்பொங்கல் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை. வேலை நேரத்தோடு முடிந்ததால் மகளைக் கூட்டிப்போக முன்னதாகவே போயிருந்தேன். மைதான வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தால், மகள் மைதானத்தின் ஒரு முனையில் வெயிலில் தனியாக நிற்கிறாள். துணை அக்கா மற்ற முனையில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில். ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு உரக்கக் கூப்பிடுகிறாள்.

"கேக்கேல்லை! திருப்பிச் சொல்லுங்கோ!"

மகள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்? எனக்கு இன்னும் கேக்கேல்லை!"

மகளின் முகம் சிவந்து போயிருந்தது. கைகளைப் பொத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும் எதையோ கத்தினாள். அது காற்றில் பாதியிலேயே விழுந்துவிட்டது. கிணற்றடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெடியன்கள் சிலர் பார்த்துச் சிரித்தார்கள். துணை அக்கா அவர்களைக் கணக்கெடுக்கவே இல்லை. பக்கத்தில் வரவும் இல்லை. வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

இதற்குப் பெயர் உதவியா? வாயில்லாத பிள்ளையை வெயிலில் நிறுத்தி, பார்க்கிறவர்கள் சிரிக்கச் சிரிக்க வதைப்பதற்குப் பெயர் பகிடிவதை அல்லவா? அப்போதே உள்ளே போயிருப்பேன். மணி அடித்துவிட்டது. மகள் புத்தகப் பையோடு வந்து பின்னால் ஏறினாள்.

"அந்த அக்கா உங்களைக் கத்தச் சொல்லி வெருட்டுறவாவோ?"

"இல்லையப்பா. அது பழக்கம்."

"என்ன பழக்கம்? நாளைக்குச் சிரமதானத்துக்கு வாறன்தானே. அதிபரோட கதைச்சு உங்களை இதிலயிருந்து எடுத்துவிடுறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

என் சட்டையைப் பிடித்திருந்த அவளுடைய கை விலகியது. இரவு சாப்பிடவும் இல்லை. மனைவி சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அவளுக்கு இருக்கிறது ஒரேயொரு சிநேகிதம். அதையும் வெட்டப் போறியளோ?"

"சிநேகிதமோ? நீர் வந்து பாத்திருந்தா உப்பிடிக் கதைக்கமாட்டீர்."

"நீங்கள் வேலிக்கு வெளியில நிண்டு பாத்திருக்கிறியள். அவள் உள்ளுக்க நிண்டவள். அவளைக் கேட்டனீங்களோ?"

கேட்டேன்தானே, அவள்தானே ஒன்றும் சொல்லவில்லை என்றேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சிரமதானம். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் பெற்றோர்கள் மண்வெட்டி, கத்தியோடு வந்து மைதானத்தைத் துப்புரவாக்குவது வழக்கம். மழைக்குப் புல் இடுப்பளவுக்கு வளர்ந்துவிடும். மைதானத்தின் பின்பக்கம், காட்டை ஒட்டின வேலியோரமாக மழைநீர் ஓடுவதற்கு ஒரு கான் வெட்டியிருந்தார்கள். அந்த மாரியில் வெள்ளம் அதன் கரையை நன்றாக அரித்து, சருகும் சேறுமாக அடைத்துப் போயிருந்தது. விடிந்ததும் வந்த தகப்பன்மார் முதல் வேலையாக அந்தக் கானை வழித்து, சருகையும் மண்ணையும் உரப்பைகளில் அள்ளி மைதானத்தின் முன்பக்கம் கொண்டுவந்து கொட்டினார்கள். வெட்டிய புல், முறிந்த கொப்பு, காகிதம், எல்லாம் அதன் மேல் விழுந்து ஆளுயரத்துக்கு ஒரு குவியல் ஆனது.

நான் போனதும் அதிபரிடம்தான் போனேன். "சேர், மகளைப் பற்றி ஒரு விஷயம் கதைக்கோணும்."

"கட்டாயம் கதைப்பம். உந்தக் குப்பையைக் கொளுத்திப்போட்டு ஆறுதலாத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைப்பம்," என்றார்.

சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, அவருடைய மகனும் இங்கேதான் படிக்கிறான், எல்லோருக்கும் இஞ்சித் தேநீர் கொண்டுவந்திருந்தார். குவியலைக் கொளுத்துவது யார் என்ற கதை வந்தபோது அவர்தான் நெருப்புப் பெட்டியை என் கையில் திணித்தார்.

"கமநலக்காரரிட்டக் குடுங்கோ. இந்த ஊரில இவரைப்போல பயந்த மனுசன் வேற இல்லை. நாலு தரம் பாத்துத்தான் பத்த வைப்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதுபோலத்தான் நடந்தேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தேன். குவியலைச் சுற்றிப் புல்லைச் செதுக்கச் சொன்னேன். ஒரு வாளி தண்ணீர் எடுத்து வைத்தேன். முக்கியமாக, காகிதம் பொறுக்கிக்கொண்டு அங்கே சுற்றித் திரிந்த சின்னப் பிள்ளைகள் எல்லோரையும் துரத்தினேன். "இதில ஒருத்தரும் நிக்கக்கூடாது. போங்கோ, அங்கால கான் பக்கம் போய்ப் பிளாஸ்ரிக் போத்தல் பொறுக்குங்கோ." என் மகளும் அந்தக் கூட்டத்தோடு போனாள். பாதுகாப்பான இடம் என்று நானேதான் அவளை அங்கே அனுப்பினேன்.

குவியலின் அடியில் காய்ந்த ஓலைத் துண்டு ஒன்றைச் செருகினேன். குந்தியிருந்து, குச்சியை உரசி, காற்றுப் படாமல் இரண்டு கையாலும் பொத்தினேன்.

அப்போது அந்தக் குரல் வந்தது.

"நெருப்பு வேண்டாம்!"

மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தது. கூர்மையாக, உடையாமல், நேராக வந்து காதில் விழுந்தது. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"குப்பைக்குள்ள! வெடிக்கிற சாமான் கிடக்கு!"

பின்னால் நின்ற யாரோ ஒருவர் அலுத்துக்கொண்டார். "சின்னன் ஏதோ தகரத்தைக் கண்டிட்டுக் கத்துது. நீங்கள் கொளுத்துங்கோ ஐசே, வெயில் ஏறுது." இன்னொருவர் சிரித்தார். நான் குந்தியபடியே கேட்டேன். நான் கேட்ட வார்த்தைகள் இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கின்றன.

"யாற்ற பிள்ளை உது?"

பதில் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது.

"கொளுத்தாதேங்கோ அப்பா! பின்னுக்கு வாங்கோ!"

மைதானத்தில் நின்ற ஆண்கள் எல்லோருமே யாரோ ஒரு பிள்ளையின் அப்பாதான். ஆனால் நெருப்பு என் கையில் இருந்தது.

குச்சியைக் கைக்குள்ளேயே நசுக்கினேன். சுட்டது அப்போது தெரியவில்லை. எழும்பித் திரும்பிப் பார்த்தேன். மைதானத்தின் நடுவில், கூட்டிக்கொண்டிருந்த உயர்தரப் பிள்ளைகளுக்கு முன்னால், துணை அக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மறுபக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கும் அப்பால், கான் கரையில், என் மகள். ஒரு கையை நீட்டித் தன் பின்னால் நின்ற பிள்ளைகளைத் தடுத்துப் பிடித்திருந்தாள். அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் பார்த்தாலே குனிந்துவிடுகிற பிள்ளை, அந்த ஊரே பார்க்க நிமிர்ந்து நின்றாள்.

அதிபர் எல்லோரையும் குவியலை விட்டுப் பின்னால் போகச் சொன்னார். நானா என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். துணை அக்கா தன் கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கான் பக்கம் ஓடத் தொடங்கினாள்.

"அக்கா வராதேங்கோ! இஞ்ச ஒண்டு வெளியில தெரியுது!"

அவள் நின்றாள். ஓடின கால் அப்படியே நின்றது. பதினெட்டு வயதுப் பிள்ளை, பதினொரு வயதுப் பிள்ளை சொன்னதைக் கேட்டு நின்றாள். நானாக இருந்தால் நின்றிருக்கமாட்டேன். ஓடிப் போய் மகளைத் தூக்கியிருப்பேன். உண்மையில் அதற்குத்தான் நானாவின் கையை உதறிக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை. "பேசாம நில்லுங்கோ, பிள்ளையள் செய்யிறது சரி," என்று என் காதுக்குள் சொன்னார்.

துணை அக்கா நின்ற இடத்திலிருந்தே பிள்ளைகளோடு கதைத்தாள். ஓடக்கூடாது, வந்த அடியிலேயே கால் வைத்துத் திரும்ப வேண்டும், ஒருவருக்குப் பின்னால் ஒருவர். மகள் அதைத் தன் பின்னால் நின்றவர்களுக்கு உரக்கத் திருப்பிச் சொன்னாள். ஈர மண்ணில் அவர்களுடைய சின்னச் சின்னக் காலடித் தடங்கள் தெரிந்தன. அதில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து வந்தார்கள். எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு என் மகள் கடைசியாக வந்தாள். அந்த நடை எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. பதுங்குகுழிக்குள் இருந்த காலத்திலும் நான் அப்படிப் பயந்ததில்லை. அப்போது என் உயிர்தானே.

அவள் வந்து சேர்ந்ததும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதது நான்தான். அவள் அழவில்லை. "கை எரிஞ்சிட்டுதோ அப்பா?" என்று என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

பிறகுதான் அவள் கண்டது என்ன என்று விளங்கியது. காலையில் வழித்த கான் கரையில், அரித்த மண்ணுக்குள்ளே துருப்பிடித்த யுத்தகாலத்து எறிகணை ஒன்று பாதி வெளியே தெரிந்திருக்கிறது. சோளப்பொத்தி அளவு, வால்பக்கம் சிறகு. அதற்குப் பக்கத்திலேயே அதே அளவில், அதே வடிவில், மண்ணில் ஒரு குழி, வெறுமையாக, மண்வெட்டி பட்ட ஈரத்தோடு. போத்தல் பொறுக்கக் குனிந்த மற்றப் பிள்ளைகள் அதைக் காணவில்லை. நானே கண்டிருந்தாலும் அந்தக் குழி எனக்கு ஒன்றையும் சொல்லியிருக்காது. இவள் பார்த்தாள். இங்கே இருந்தது இப்போது எங்கே என்று யோசித்தாள். தலையை நிமிர்த்தினால், மறுபக்கத்தில் குப்பைக் குவியலுக்குப் பக்கத்தில் நான் குந்தியிருக்கிறேன்.

வன்னியில் வளரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் பாடம் தெரியும். புதிதாக ஏதாவது கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களுக்குச் சொல். முதல் இரண்டையும் என் மகள் எப்போதுமே செய்திருப்பாள். அவளுடைய சுபாவமே அதுதான். மூன்றாவதை நினைத்துத்தான் நான் இன்றைக்கும் விறைத்துப் போகிறேன். முந்திய வருடத்து என் மகளாக இருந்திருந்தால் அந்தக் கரையில் நின்று உதட்டை அசைத்திருப்பாள். சொல்லியிருப்பாள், உண்மையாகவே சொல்லியிருப்பாள். நான் தீ வைத்திருப்பேன்.

பொலிஸார் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து குண்டு அகற்றுகிறவர்கள் வந்து எங்களை வீதிக்கு அப்பால் நிறுத்தினார்கள். நீண்ட நேரம் குவியலை ஒவ்வொரு பிடியாகக் கலைத்து, அடிப்பக்கத்துச் சருகுக்குள் இருந்து அதை எடுத்தார்கள். நான் ஓலையைச் செருகிய இடத்துக்கு மிகப் பக்கத்தில். அவர்களில் ஒருவர், சிங்களவர், கொச்சைத் தமிழில் யார் கண்டது என்று கேட்டார். மகளைக் காட்டினோம். அவர் தன் கையை அவளுடைய உச்சி உயரத்தில் பிடித்து, "இந்த உயரமா?" என்று ஆச்சரியமாகச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அப்போது சிரிப்பு இல்லை. "நெருப்பு போட்டா இதில நின்ற ஆள் இல்லை," என்றார். அதில் நின்ற ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

வீதியோரத்தில் நின்றபோதுதான் துணை அக்காவோடு கதைத்தேன். மகளை எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டேன்.

"அது எங்கட வயல் பழக்கம் அங்கிள்," என்றாள். "ஆனைக் காவலுக்குப் பரண்ல இருக்கேக்க, ஒரு பரணுக்கும் மற்றப் பரணுக்கும் நல்ல தூரம். போன் எடுக்காது. ஆனை எந்தப் பக்கம் இறங்குதெண்டு கத்தித்தான் சொல்லோணும். சும்மா கத்தினா விளங்காது. முதல்ல ஆளைத் திருப்போணும். பிறகு எங்கையெண்டு சொல்லோணும். பிறகுதான் என்னெண்டு சொல்லோணும். கேட்ட ஆள் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். நான் சின்னனில அப்பாவோட இருந்து பழகினனான்."

முதல் வெள்ளிக்கிழமை என் மகள் அவளுடைய காதுக்குள்தான் கதைத்தாளாம். அடுத்த கிழமை ஒரு வாங்குப் பலகைத் தூரம். அதற்கடுத்தது வகுப்பறையின் நீளம். "ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னால போனனான். நான் கிட்ட வந்தா தங்கச்சி மெல்லச் சொல்லிடுவா. அதான் வாறேல்லை. நேற்றைக்குத்தான் முதல் முதல் கோல் கம்பத்தில நிண்டனான். நேற்று எனக்குச் சரியாக் கேக்கேல்லை." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்கள் வேலிக்கு வெளியில நிண்டு பாத்தனீங்கள் என்ன? நான் கண்டனான். உங்களுக்குக் கோவம் எண்டும் தெரிஞ்சுது. ஆனா அப்ப நான் கிட்ட வந்து கையைப் பிடிச்சா, தங்கச்சி திரும்ப முதல்ல இருந்து தொடங்கோணும்."

முந்தின நாள் துணை அக்காவுக்குச் சரியாகக் கேட்காத அதே தூரம்தான், கிட்டத்தட்ட, கானுக்கும் குவியலுக்கும் இடையில்.

அதிபர் எங்களைக் கண்டு பக்கத்தில் வந்தார். அவருடைய சட்டை முழுக்க வியர்வை. காலையில் நான் சொன்னது அந்தக் களேபரத்திலும் அவருக்கு நினைவிருந்தது.

"மகளைப் பற்றி ஏதோ கதைக்கோணும் எண்டியள்."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய ஒரு கை துணை அக்காவின் பாவாடை மடிப்பைப் பிடித்திருந்தது. முந்தின நாள் இரவு அவள் ஏன் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

"மகள் கதைச்சிட்டா சேர்," என்றேன்.

பின்னேரம் அந்த இரண்டையும் காட்டுக்குள் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். எங்கள் வீட்டு யன்னல் அதிர்ந்தது. மனைவி குசினியில் கையிலிருந்த அகப்பையைத் தவறவிட்டாள். நடந்ததை எல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன், ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

துணை அக்கா பரீட்சை எழுதிவிட்டுப் பாடசாலையை விட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சில நேரம் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். வாசல் படலையில் நின்றே கூப்பிடுவாள். மகள் வீட்டின் பின்பக்கம் எங்கே நின்றாலும் அங்கிருந்தே பதில் கொடுப்பாள். அக்கம்பக்கத்து நாய்கள் எல்லாம் குரைக்கும். நான் "மெல்ல" என்று சொல்வதில்லை. சொல்ல வாய் வரும், பிறகு உள்ளங்கையைப் பார்ப்பேன். நகக்கண் அளவில் ஒரு தழும்பு இருக்கிறது.

மகள் இன்றைக்கும் பெரிய வாயாடி இல்லை. கூட்டத்தில் ஓரமாகத்தான் நிற்பாள். இடாப்புக் கூப்பிடும்போது மட்டும் அவளுடைய குரல் பக்கத்து வகுப்புக்கும் கேட்கிறதாம், ஆசிரியை சிரித்துக்கொண்டு சொன்னார். இந்த வருடம் ஆறாம் தரத்துக்கு வந்த ஒரு பிள்ளை யாரோடும் கதைப்பதில்லை என்று அவள் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "அவாவுக்குத் துணை அக்கா வர இன்னும் நாளிருக்கு. அதுவரைக்கும் நான் ஒரு வாங்குத் தூரத்தில நிண்டு கேக்கிறன் அப்பா," என்றாள்.

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழும்பி வெளியே போய்விடுவேன். மனைவிதான் சுவாமி விளக்கை ஏற்றுகிறாள். ஆனால் என்னை உண்மையில் தூங்கவிடாமல் செய்வது அந்தக் குவியலுக்குள் இருந்த இரும்பு இல்லை. பிறந்த நாளிலிருந்து நெஞ்சோடு அணைத்து வளர்த்த என் ஒரே பிள்ளை தன் முழுக் குரலில் என்னைக் காப்பாற்றக் கத்தியபோது, அது யாருடைய பிள்ளை என்று நான் கேட்டேனே, அந்தக் கேள்விதான்.